மருந்துக்கடைப் பூட்டு

"ஏண்டி, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரே மூஞ்சியோட வீட்டுக்கு வர்றியே, நீ யாருக்குத்தான் வக்கீல்?" என்று அத்தை ஒருமுறை அவளைக் கேட்டாள்.

"அரசாங்கத்துக்கு, அத்தை."

"அதை யாருடி அடிச்சா?"

கேட்டுவிட்டுத் தானே சிரித்ததில் அத்தைக்குப் புரையேறிவிட்டது.

அந்த அரசு வக்கீலிடம்தான் பூட்டு ரிப்பேர் செய்யும் பூட்டுக்காரர் ஒருவரின் வழக்கு வந்தது. மருந்துக்கடைப் பூட்டைக் கம்பி விட்டுத் திறந்து திருடினார் என்று குற்றச்சாட்டு. பார்த்த சாட்சி யாரும் இல்லை. பூட்டுக்குள் இருந்த கீறல் அவருடைய கம்பியோடு பொருந்தியது, அவ்வளவுதான். அதை நம்பினால் அவருக்கு மூன்று வருஷம் சிறை. அவர் மனைவி கோர்ட்டின் கடைசி பெஞ்சில் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரக்கு முத்திரையை உடைத்துப் பூட்டை வெளியே எடுத்தார்கள். சாட்சிக் கூண்டில் கடைக்காரர் நின்றார்.

"சாவி கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள் அவள்.

வழக்கைப் போட்ட இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து குனிந்தார். "சாவி எதுக்கு மேடம்? 'என் பூட்டுதான்'னு சொல்லிட்டு இறங்கட்டும். நாம ஒரே பக்கம் இல்லையா?"

அவர் நெற்றியில் வியர்வை. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோ அரைத் தூக்கத்தில் இருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

"திறந்து காட்டுங்க" என்றாள்.

சாவி நுழையவே இல்லை. கடைக்காரர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னோடது இல்லைங்க. அன்னிக்கு ராத்திரி கடையைப் பூட்டணுமேன்னு ஏட்டய்யாகிட்டக் கெஞ்சி என் பூட்டைத் திருப்பி வாங்கிட்டேன். இப்பவும் கடையில அதுதான் தொங்குது."

"பின்ன இது யாருது?" என்றார் நீதிபதி.

"ஐயா, அது ஸ்டேஷன் அலமாரிப் பூட்டு!" என்றார் குற்றவாளிக் கூண்டிலிருந்து பூட்டுக்காரர். "சாவியைத் தொலைச்சுட்டு இவங்கதான் என்னைக் கூப்பிட்டாங்க. கீறல் என்னோடதுதான், இல்லேங்கல!"

தூங்கிய வக்கீல்கூட விழித்துக்கொண்டு சிரித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அரசு வக்கீல் எழுந்தாள். குரல் கணீரென்று வந்தது. "இவர் மேல வழக்கு நடத்த என்கிட்ட ஆதாரமே இல்லை. வாபஸ் வாங்க அனுமதி வேணும்."

அனுமதி கிடைத்தது. பூட்டுக்காரர் அன்றே விடுதலை. கடைசி பெஞ்சிலிருந்து அவர் மனைவி ஓடி வந்து, கூண்டின் கம்பி இடையில் இருப்பதையும் மறந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அரசு வக்கீலுக்கு அத்தனை பேர் முன்னால் பல் தெரியச் சிரிப்பு வந்தது; அடக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெளியே போனார்.