நூறில் கழித்த மீதி

உலர்த்தும் அடுப்பு சும்மா கிடந்தது. தராசுக்கும் ஓய்வு. உணவு ஆய்வகத்தில் வேதியியலர் ஒருவரின் பேனா மட்டும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. பிஸ்கட்டில் நீர், புரதம், கொழுப்பு, எரித்தபின் மிஞ்சும் சாம்பல் நான்கையும் அளந்து கூட்டி, நூறில் கழித்தால் வரும் மீதிதான் மாவுச்சத்து. இவரோ அளக்கிற பாட்டையே விட்டுவிட்டு, பழைய அறிக்கையைப் பார்த்து நான்கு எண்களையும் எழுதி, கழித்தலை மட்டும் வெகு நேர்த்தியாகச் செய்வார். "அதே கம்பெனி, அதே பிஸ்கட். புதுசா என்ன வந்துடப்போகுது?" என்பது அவருடைய வழக்கமான சமாதானம்.

அப்போது அக்கா போனில் கூப்பிட்டாள். அவள் மகளுக்குப் பத்து வயது, சர்க்கரை நோய். சாப்பிடப்போகும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவு இன்சுலின் போடவேண்டும்.

"தம்பி, கடலை போட்ட புது பிஸ்கட் வந்திருக்குடா! பின்னாடி உங்க ஆய்வக முத்திரை. நூறு கிராமுக்கு அறுபத்தெட்டு கிராம் மாவுச்சத்தாம். நீ இருக்கிற இடமாச்சே, அப்புறம் என்ன யோசனை? ஊசியில மருந்து ஏத்திட்டேன்."

அறுபத்தெட்டு, போன மாதம் அவர் கடலை இல்லாத பழைய பிஸ்கட்டின் அறிக்கையைப் பார்த்து எழுதிய எண். கடலை கூடினால் கொழுப்பு கூடும், மாவுச்சத்து குறையும். மருந்து மிஞ்சினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, பிள்ளை மயங்கி விழுவாள்.

"அக்கா! போட்டுட்டியா?"

"இன்னும் இல்லடா, கையில வச்சிருக்கேன். ஏன் இப்படிக் கத்துற?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "போடாதேக்கா. அந்த எண் பொய். அளக்காமலே எழுதினது. அவளுக்கு வழக்கமா குடுக்கிறதைக் குடு, மருந்தும் அதுக்கேத்த மாதிரி போடு."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நேரே தலைமை வேதியியலரின் அறைக்குப் போய், ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் வேறொரு நாளாக இருந்தால் ஓடி ஒளிந்திருப்பார். அடுத்த நிமிடமே கம்பெனிக்குப் போன் பறந்தது. புது பிஸ்கட் பதினோரு கடைகளுக்குத்தான் போயிருந்தது. அத்தனையும் திரும்ப வந்தன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

சாயங்காலம் வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அளந்தார். நீர் மூன்று, புரதம் பதினான்கு, கொழுப்பு முப்பத்து நான்கு, சாம்பல் இரண்டு. மீதி நாற்பத்தேழு. அதை எழுதித் தலைமை வேதியியலரிடம் கொண்டுபோனார்.

"நாளைக்கு எழுத்துல விளக்கம் குடுக்கணும். வேலைக்கே ஆபத்து வரலாம், தெரியுமில்ல?" என்றார் தலைமை வேதியியலர்.

"தெரியும் மேடம். இதை வெறும் எண்ணுன்னு நினைச்சுட்டேன். நாம அளக்காம எழுதுறது யாரோ ஒரு பிள்ளை உடம்புல ஊசியா ஏறுது."

அந்தச் சமயம் போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா, அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்க. நீங்களே அளந்தா அந்த பிஸ்கட் சாப்பிடலாமான்னு கேளுன்னு சொன்னாங்க."

"அளந்துட்டேன்டா கண்ணு, நாற்பத்தேழு. அந்தக் கணக்குக்கு மருந்து போட்டுட்டு சாப்பிடு" என்றார் அவர். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார்.