முதல் ஆட்டம் யார் ஊரில்

புல்பாய் என்பது மண்ணோடு பெயர்த்தெடுத்த புல்; சுருட்டிய படுக்கை மாதிரி லாரியில் வந்து இறங்கும். விரித்து, ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து, தண்ணீர் காட்டி, மூன்று வாரம் ஒருத்தரும் மிதிக்காமல் விட்டால் வேர் பிடிக்கும். அதற்குள் ஆணி பூட்ஸ் போட்ட இருபத்திரண்டு தடியர்கள் ஏறி ஓடினால், சுருட்டி வந்தது சுருட்டிக்கொண்டே போகும். இது பச்சையண்ணனுக்குத் தெரியும். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். முழங்காலில் அழியாமல் ஒட்டியிருக்கிற புல் கறையால் வந்த பெயர் அது.

கோல் வாசலில் கடைசிப் பாயை அவர் தட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் டிக்கெட் கிழிக்கிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா, அட்டவணை வந்துருச்சு! முதல் ஆட்டமே நம்ம மைதானம். மலைக்காரனுங்க டீம் வருது."

"என்னைக்கு?"

"அடுத்த சனிக்கிழமை. பத்து நாள்."

பச்சையண்ணன் பாய் வெட்டுகிற கத்தியை மண்ணில் குத்தினார். மேனேஜர் போன மாதமே சொல்லிவிட்டார்: 'இந்த வருஷமும் கோல் வாசல்ல மண்ணு தெரிஞ்சா, மைதானத்தை கான்ட்ராக்ட்காரன் கையில கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்.' அவர் சொன்னால் செய்கிற ஆள்.

"வேணும்னே செஞ்சிருக்கானுங்க. பெரிய டீமுக்கெல்லாம் வெண்ணெய், நமக்குச் சுண்ணாம்பு. எவனோ உள்ள உக்காந்து விளையாடுறான்."

"போய்க் கேளுங்க மாமா. இங்க கத்தியைக் குத்தி என்ன பிரயோஜனம்?"

மறுநாள் காலையே பஸ் பிடித்தார். லீக் ஆபீஸ் மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்தது, ஆனால் அவர் லிஃப்டை நம்புகிறவர் இல்லை. படியேறி மூச்சு வாங்கப் போய் நின்றார். ஒரே ஒரு அறை, சுவர் முழுக்கக் கட்டம் போட்ட தாள், கட்டத்துக்குள் கலர் கலராகக் காந்தப் பொட்டு. அதற்கு நடுவில் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அம்மாள்தான் அட்டவணைக்காரி. தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் போனவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"யாரைக் கேட்டும்மா மலைக்காரனை எங்க தலையில கட்டினீங்க?"

"யாரையும் கேக்கல ஐயா. உக்காருங்க. பிஸ்கட் எடுத்துக்கங்க."

அவர் உட்காரவில்லை. பிஸ்கட்டையும் தொடவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குவார்களோ.

"மொத்தம் பதினாறு டீம்," என்றாள் அவள். "நாலு நாலா நாலு பிரிவு. உங்க பிரிவுல இருக்கற மூணு பேரோட ரெண்டு ரெண்டு தடவை ஆடணும், உங்க ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணு. மலைக்காரங்க உங்க பிரிவு. அதை நான் நினைச்சாலும் மாத்த முடியாது. அப்புறம் வேற ஒரு பிரிவோட நாலு ஆட்டம். அது எந்தப் பிரிவுங்கறது வருஷா வருஷம் முறை வச்சுச் சுத்தும். மிச்சம் ரெண்டு பிரிவுல, போன வருஷம் நீங்க வந்த அதே இடத்துல எவன் வந்தானோ அவனோட ஒவ்வொண்ணு. நீங்க மூணாவது வந்தீங்க. அதனால அங்க மூணாவது வந்தவன். முதல்ல வந்திருந்தா முதல்ல வந்தவனோட மோதணும். நல்லா ஆடினவனுக்குக் கஷ்டமான ஆளு, சுமாரா ஆடினவனுக்குச் சுமாரான ஆளு. அவ்வளவுதான் விஷயம்."

"இதுல உங்க கை எங்க இருக்கு?"

"யாரோட யாருங்கறதுல என் கையே கிடையாது. என்னைக்கு, முதல்ல யார் ஊர்லங்கறதுல மட்டும் உண்டு."

"ஆங்! வந்தீங்களா வழிக்கு?" பச்சையண்ணன் இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு வருஷமா எழுதிக் கேட்டேன். முதல் வாரம் வெளியூர் கொடுங்க, புல்லு புதுசுன்னு. மூணு வருஷமும் உள்ளூர்தான். அது எப்படி?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயா, பதினாறு மைதானத்துக்காரங்களும் அதையேதான் கேக்கறாங்க. எல்லாருக்கும் புல்லு புதுசு. பதினாறு பேரும் வெளியூர் போனா ஆகாசத்துலயா ஆடுறது? எட்டுப் பேர் வீட்ல இருந்துதான் ஆகணும். சீட்டுக் குலுக்கித்தான் போடுவோம். ஆனா இந்த வருஷம் ஒரு புண்ணியவான் மட்டும் முதல் ஆட்டம் உள்ளூர்லதான் வேணும்னு கேட்டிருந்தார். குலுக்காமலே கொடுத்துட்டேன்."

ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். 'முதல் வாரம் எங்கள் மைதானத்தில் கட்டாயம் ஆட்டம் வேண்டும்.' கீழே இரண்டு கோடு. கோழி கிளறிய மாதிரி எழுத்து. பச்சையண்ணனின் எழுத்து.

அவர் படிவத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"கேட்டதுக்கு நேர்மாறாத்தானே கொடுப்பீங்க," என்றார், குரல் பாதியாகி. "அதான் மாத்தி எழுதினேன்."

அட்டவணைக்காரிக்குப் பிஸ்கட் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, மறுபடி தண்ணீர் குடித்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் வேறென்ன செய்வார்? சுவரில் இருந்த பொட்டுகளை எண்ணினார்.

"ஒரு வழி இருக்கு," என்றாள் அவள். "ரெண்டு தடவை ஆடுற டீமுங்க, ஒத்துக்கிட்டா, உள்ளூர் வெளியூரை மாத்திக்கலாம். ரெண்டு மேனேஜரும் கையெழுத்துப் போடணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. அதுக்கப்புறம் டிக்கெட் அச்சுக்குப் போயிடும்."

மலைக்காரர்கள் மைதானத்தைப் பார்க்கிறவன் மொட்டை. அவனோடு பச்சையண்ணனுக்கு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. நம்முடைய ஆட்கள் வேகமாக ஓடக்கூடாது என்று ராவோடு ராவாகத் தண்ணீர் விட்டு மைதானத்தைச் சேறாக்கினான் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்று பெய்தது மழை என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் என்ன, கேட்ட வாயால் எப்படி இல்லை என்பது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, அவர் காதில் வைத்துவிட்டுப் போனாள்.

"யாரு?"

"நான்தான். பச்சை."

"அடேங்கப்பா. என்ன, இன்னைக்கும் நான்தான் மழை பெய்ய வச்சேனா?"

ஏதாவது கதை கட்டலாமா என்று பச்சையண்ணன் யோசித்தார். மைதானத்தில் குழாய் வெடித்தது, லைட் எரியவில்லை, எவ்வளவோ சொல்லலாம். ஆனால் மொட்டைக்கும் புல் தெரியும். புல் தெரிந்தவனிடம் புல்லைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"என் பாய் நேத்துத்தான் பதிச்சது. வேர் பிடிக்கல. முதல் ஆட்டம் உன் ஊர்ல வச்சுக்கலாமா?" படிவத்தில் எழுதியதையும் சேர்த்தே சொன்னார்.

அந்தப் பக்கம் குதிரை கனைப்பது போல ஒரு சிரிப்பு.

"என் புல்லு போன மாசமே பிடிச்சிருச்சுய்யா. சும்மா கேட்டு வச்சேன், வெளியூரு வேணும்னு. கொடுத்துட்டாங்க! சரி, மாத்திக்கலாம். எங்க மேனேஜர் கையெழுத்தை நான் வாங்கிடறேன். ஆனா மழை மாசத்து ஆட்டம் உன் தலையில. அன்னைக்குச் சேறானா நான்தான்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன். அன்னைக்குச் சொன்னதும் தப்புதான்."

"இதைச் சொல்ல நாலு வருஷமா?"

பச்சையண்ணனின் மேனேஜர் முதலில் தாம்தூம் என்று குதித்தார். முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடுகிற தெம்பு போய்விடுமாம். பிறகு, மழை மாதத்தில் மலையேறிப் போய் வழுக்கி விழ வேண்டாம் என்பது புரிந்ததும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் பச்சையண்ணன் முன்னும் பின்னும் நாலு தடவை படித்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார். தில்லுமுல்லு ஒன்றும் அகப்படவில்லை. அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தச் சனிக்கிழமை மைதானம் காலி. டிக்கெட் கிழிக்க வேலையில்லாத மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். பச்சையண்ணன் கோல் வாசலில் மண்டியிட்டு, பாயின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். கையோடு வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று நாலைந்து நூல், மண்ணைத் தேடிக்கொண்டு.

"மூணாவது கோலும் போட்டுட்டானுங்க மாமா! மூணு சைபர்! மானம் போச்சு!"

"போடட்டும், போடட்டும்," என்று மூலையைத் திரும்பப் படியவைத்து, உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். "நீ அங்கேயே கத்து. இந்தப் பக்கம் காலை வச்சே, ஒடிச்சுருவேன்."