எவன் பார்த்த வேலை இது

ஜெபசிங்குக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. தண்டையார்ப்பேட்டையில் அவன் கடைக்கு வந்துபோகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பழைய கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்ததும், பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால், தனக்கு முன் அதில் கை வைத்தவன் எவனோ அவனை நாலு வார்த்தை திட்டினால்தான் அவனுக்கு வேலை ஓடும். டாக்டர்கூடத்தான் முந்தின டாக்டர் எழுதின சீட்டைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிறார், நான் செய்தால் மட்டும் குத்தமா என்று அதற்கு ஒரு நியாயம் வேறு வைத்திருந்தான்.

அந்த வாயோடுதான் அன்று ரஹீமுன்னிசாவின் கம்ப்யூட்டரைத் திறந்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறவள். அவளுடைய மெஷின் பழைய கம்ப்யூட்டரின் பேச்சைத்தான் கேட்கும், புதுசை மாட்டினால் அசையாது. அந்த வட்டாரத்து யூனிட்டுகளுக்கெல்லாம் இப்படிப் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, சீர்படுத்திக் கொடுப்பவன் காலடிப்பேட்டை பக்தவச்சலம். ஜெபசிங்கோடு ஒரே கடையில் தொழில் கற்றவன், இருபது வருஷத்துத் தோஸ்து. அவன் திருத்தணிக்குப் போயிருந்ததால்தான் அவள் இங்கே வந்தாள்.

"பட்டுனு ஒரு சத்தம்ண்ணா. அப்புறம் ஒரே கருகின வாடை. கல்யாண ப்ளவுஸ் ஆர்டர் பாதில நிக்குது."

பவர் சப்ளையின் மூடியைக் கழற்றினான். உள்ளே கப்பாசிட்டர்கள், கரண்டைக் கொஞ்சம் பிடித்துவைத்துச் சீராக்கி அனுப்புகிற அந்தக் குட்டி டப்பாக்கள், தலை உப்பிக்கொண்டு நின்றன. ஒன்று வெடித்துப் பழுப்பு நிறத்தில் கக்கியிருந்தது. எல்லாம் பாட்டுப் பெட்டிக்குப் போடுகிற சாதா ரகம். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் சூட்டில் இது இரண்டு மூன்று வருஷம் ஓடினாலே பெரிசு. சூடு தாங்குகிற ரகம் தனியாக இருக்கிறது, தொழில் தெரிந்தவனுக்கு அது தெரியும்.

"எவன் பார்த்த வேலை இது?" என்று ஆரம்பித்தான் ஜெபசிங். கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள், ஆள் இருந்தால் அவனுக்குக் குரல் இன்னும் ஏறும். "இத்த பாருக்கா. ஸ்பீக்கர் பொட்டில போடறத இங்க கொணாந்து சொருவிக்கீறான். இது ரிப்பேரா, ஏமாத்து வேலை. நெருப்பு புடிக்காம வுட்டதே பெருசு. யார்கிட்ட வாங்கின?"

"பக்தா அண்ணன்கிட்டதான். அவர் ஒருத்தர்தான் இதுல கை வெச்சாரு."

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். தோஸ்து பேரைக் கேட்டதும் ஒரு கணம் நாக்கு தயங்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது சொன்னதை விழுங்க ஜெபசிங்குக்குத் தெரியாது. "பக்தாவா? அவனுக்கு வர வர வேலைல கவனமே இல்ல," என்றான்.

ரஹீமுன்னிசா அங்கே நின்றபடியே போனை எடுத்தாள். பக்தவச்சலத்தைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். நம்பித்தானே வாங்கினேன், பெண்பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிற இடம், தீப்பிடித்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். "நானா சொல்லல, ஜெபசிங் அண்ணனே பாத்து சொன்னாரு," என்று முடித்தாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "மன்னிப்பெல்லாம் எதுக்கு இப்ப," என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். போகிற வழியிலேயே எம்ப்ராய்டரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸும் போட்டாள்.

அவள் போன பிறகு ஜெபசிங் போர்டைத் தகட்டிலிருந்து கழற்றித் திருப்பினான். மூலையில் மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு.

தொழில்காரன் ஒவ்வொருவனும் தான் வேலை பார்த்த போர்டில் ஓர் அடையாளம் வைப்பான். நாளைக்கு எவனாவது வந்து நீதான் கெடுத்தாய் என்று நின்றால், ஆமாம் இல்லை என்று சொல்ல வேண்டுமே. சிலர் மார்க்கரில் கோடு இழுப்பார்கள். ஜெபசிங் வைப்பது, மனைவி ராமசெல்வி பாதி தீர்த்துவிட்டுப் போடுகிற நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. மெரூன் பொட்டு வைக்கிறவன் அவனுக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கொரோனா சமயம். ஸ்பேர் விற்கிற கடைகளெல்லாம் பூட்டு. கையில் இருந்தது சாதா ரகம்தான். இப்போதைக்கு ஓடட்டும், கடை திறந்ததும் மாற்றிவிடலாம் என்று போட்டு வைத்தான். மாற்றவில்லை. பின்னால் ஒருநாள் பக்தவச்சலம் வந்து நல்ல பவர் சப்ளை ஒன்று வேண்டும் என்றபோது, "கண்ண மூடிகினு மாட்டு மாமு," என்று இதைத்தான் எடுத்துக் கொடுத்தான். ஜெபசிங் கொடுத்ததாயிற்றே என்று அவனும் திறந்துகூடப் பார்க்காமல் மாட்டியிருக்கிறான். அட கேடுகெட்டவனே, ஜெபசிங்!

உடனே போனை எடுத்து ரஹீமுன்னிசாவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? மனுஷன் என்றால் அதைத்தான் செய்வான். ஜெபசிங் என்ன செய்தான் தெரியுமா? பஞ்சில் தின்னரை நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தான். வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, தடமே தெரியாதபடி இன்னொரு தரம் துடைத்தான். துடைத்து முடித்ததும் அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை. பிறகு நல்ல ரகமாகப் பார்த்துப் போட்டு, கம்ப்யூட்டரை ஓடவைத்து, சாயங்காலம் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். ரஹீமுன்னிசா மறக்காமல் பிரியாணிப் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினாள். வீட்டில் ராமசெல்வி சாப்பிட்டாள், அவனுக்கு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "பக்தா குட்த்த பொட்டி, நீங்க ஒரு தபா பாத்துடுங்கண்ணா," என்று ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்றில்கூடக் குறை இல்லை. பற்றவைப்பு ஒவ்வொன்றும் பளபளவென்று, கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில் இருந்தது. "நல்லாத்தான் கீது," என்று மூடிக் கொடுத்தான். "நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க," என்றார் ஒருவர். அதைக் கேட்டதும் ஜெபசிங்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடையை அப்படியே பூட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

காலடிப்பேட்டை வீட்டில் பக்தவச்சலத்தின் மனைவி சுஜாதான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. "உள்ள கீறாரு, போய் பாருங்க. உங்க பேச்சால வந்த கோலத்த."

முன்னறை முழுக்க போர்டுகள். வேலை முடித்து, துடைத்து, கவர் போட்டு, கொடுப்பதற்குத் தயாராக வைத்திருந்தவை எல்லாவற்றையும் பக்தவச்சலம் மறுபடி பிரித்துப் போட்டிருந்தான். நடுவில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல கப்பாசிட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வா ஜெபா. உக்காரு. வேற எதுலனா அந்த மாதிரி பண்ணி வெச்சிக்கீறேனானு பாத்துனுகீறேன்."

ஜெபசிங் உட்காரவில்லை. "பக்தா, அது என் வேலைடா," என்றான். "கொரோனாவுல நான் போட்டது. என் பொட்டு இருந்துச்சு. பாத்துட்டு அழிச்சிட்டேன். உன் பேரக் கெடுத்துட்டு, தெரிஞ்சப்புறமும் வாய மூடிகினு இருந்தேன்."

சமையலறை வாசலில் சுஜா நின்றிருந்தாள். அவள் அடித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போல இருந்தது. "குரூப்ல சொல்லுங்க," என்றாள். "இங்க எங்ககிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?"

ஜெபசிங் போனை எடுத்து ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டு, அந்தக் குரூப்பில் தன்னையும் சேர்க்கச் சொன்னான். சேர்த்ததும், நின்றபடியே வாய்ஸ் போட்டான். தப்பு என்னுது, பக்தா மேல ஒரு குத்தமும் இல்ல, நான் தெரிஞ்சே மறைச்சேன் என்று பூசி மெழுகாமல் சொன்னான். அனுப்பின கையோடு ரஹீமுன்னிசா கூப்பிட்டாள். "உங்க பேச்ச நம்பி அந்த மனுஷன நான் இன்னா பேச்சு பேசிட்டேன்! அவர் முகத்துல எப்படிண்ணா முழிப்பேன்?" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். இனி அவள் தன் கடைப்படி ஏறமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அது சரிதான்.

பக்தவச்சலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கோபமே இல்லை அவன் முகத்தில். கோபம் இருந்திருந்தால் ஜெபசிங் தப்பித்திருப்பான்.

"நீ குட்த்த பவர் சப்ளைனு எனக்கு நெனப்பு இருந்துச்சு ஜெபா," என்றான் மெதுவாக. "ஆனா நீ அப்டி போடமாட்டியே. அப்போ நடுவுல நான்தான் எதோ மாத்தி, மறந்துட்டேன்னு நெனச்சேன். நீயே பாத்து சொன்னப்புறம், என் வேலைய நானே நம்பறத வுட்டுட்டேன்."

"அதான் நீ இல்லேன்னு ஆயிப்போச்சேடா. எல்லாத்தயும் மாட்டு. வா, நானும் மாட்டறேன்."

"ஆமா, மாட்டணும்," என்றான் பக்தவச்சலம். கழற்றி வைத்திருந்த கப்பாசிட்டரை எடுத்து அதன் இடத்தில் செருகினான். மைனஸ் கால் எந்தப் பக்கம் என்று கப்பாசிட்டரின் உடம்பிலேயே கோடு போட்டிருக்கும். தொழிலுக்கு வருகிறவன் முதல் நாள் தெரிந்துகொள்வது அது. பக்தவச்சலம் அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். அப்புறம் போர்டை ஜெபசிங்கின் முன்னால் நீட்டினான்.

"மைனஸ் சரியா வெச்சிக்கீறேனா?"

சரியாகத்தான் இருந்தது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். "சரியா கீதுடா," என்றான் ஜெபசிங்.

பக்தவச்சலம் போர்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நல்லா பாத்து சொல்லு," என்றான்.