புதுக் கரையும் பாதி மதகும்

முலாஞ்சி மலையில் எங்கள் ஊர் மின்நிலையத்தின் ஜெனரேட்டரைப் பழுதுபார்க்க ஏற்றிப்போக பிளாண்டைர் நகரத்திலிருந்து லாரி வந்துவிட்டது. போனால் திரும்பிவர ஒரு வருடம் ஆகும் என்றார் பொறியாளர் கலுவா. அதுவரை விளக்கு இல்லை, மாவு மில்லும் இல்லை. மக்காச்சோளக் கூடையோடு பெண்கள் மலையிறங்க வேண்டும்.

வெள்ளத்தில் உடைந்த வாய்க்காலை ஊரே சேர்ந்து ஐந்து மாதத்தில் கட்டி முடித்திருந்தோம். தண்ணீர் வந்தது, டர்பைன் சுற்றியது. மின்சாரம் மட்டும் வரவில்லை.

"ஜெனரேட்டர் கம்பிச்சுருள் எரிஞ்சிருக்கும்," என்றார் கலுவா.

எரியவில்லை. நிலையத்தில் உதவிக்கு இருக்கும் நான் மீட்டர் வைத்து அளந்து பார்த்திருந்தேன். ஐந்து மாதம் சும்மா கிடந்ததில் அதன் இரும்பில் தங்கியிருக்கும் கொஞ்சக் காந்தம் போயிருக்கும்; அது இல்லாமல் மின்சாரம் பிறக்காது. ஒரு பேட்டரியால் அதைத் திரும்பக் கொடுக்கலாம். சொல்ல மூன்று முறை வாயெடுத்து, கடைசியில் மில் நடத்தும் எலூபே அக்காவின் காதில்தான் சொன்னேன்.

"லாரிய நிறுத்துங்கய்யா!" என்று அவர் கத்தினார். "லிம்பிகானி ஒரு வழி சொல்றா!"

பைக் டாக்சி ஓட்டிக்கொண்டே வாய்க்கால் மதகையும் பார்த்துக்கொள்ளும் யன்கோவிடம் பேட்டரி கேட்டேன்.

"என் பைக்க வெச்சு ஆத்த ஓட்டப்போறியா தங்கச்சி?"

"கழட்டுடா. வாய அப்புறம் ஓட்டலாம்," என்றார் அக்கா.

கலுவா கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் பாரும்மா."

கம்பிகளை இரண்டு முறை சரிபார்த்துத் தொட்டேன். மீட்டர் முள் நாற்பது வோல்ட்வரை நடுங்கி ஏறி, படுத்துவிட்டது. லாரி ஆட்கள் ஜெனரேட்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார்கள்.

டர்பைன் வேகம் போதவில்லை. மதகு பாதிதான் திறந்திருந்தது.

"முழுசாத் தொறங்க," என்றேன். டர்பைன் இரைச்சலில் யாரும் திரும்பவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினேன். "யன்கோ அண்ணே! மதகை முழுசாத் தொற!"

அவன் திடுக்கிட்டான். "புதுக் கரை உடைஞ்சிடுமே! அதான் நாங்க பாதிக்கு மேல தொறக்கறதே இல்ல!"

"உடையாது! அந்த மண்ண மிதிச்சது நானு!"

அவன் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் திருகினான். கரை நின்றது. தரை அதிர்ந்தது. கம்பியை மறுபடி தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ஐம்பது. நூற்றுப்பத்து. இருநூற்றிருபது. கம்பியை எடுத்தேன். முள் இறங்கவில்லை.

வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். கலுவா மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு லாரி ஓட்டுநரிடம் சொன்னார்: "ஏத்த ஒண்ணுமில்லப்பா. கெளம்பு."

"சாப்பிடாம எங்க போறது?" என்றார் எலூபே அக்கா. "இப்ப மாவரைச்சு இப்பவே களி கிண்டித் தரேன்."

மில் சுவிட்சை என்னையே போடச் சொன்னார். போட்டேன்.