வியர்த்து வந்த பனியன்கள்

கம்பெனிக்கு வந்திறங்கிய ஓட்டப்பந்தய பனியன்கள், யார் உடம்பிலும் ஏறுவதற்கு முன்பே வியர்த்திருந்தன. எவ்வளவு ஓடினாலும் ஈரம் தங்காது என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்த அதே பனியன்கள். கிடங்குக்காரர் ஒன்றை எடுத்துப் பிழிந்தார். உப்புத் தண்ணீர் வந்தது. கப்பலில் வந்த சரக்கு, கடல் காற்று பட்டிருக்கும் என்றார். கடல் மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசவா போகிறது? கொள்முதல் மேலாளர் மட்டும் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய அக்காவின் வியர்வை. அம்மா வேலைக்குப் போன வீட்டில் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவருக்கு அந்த வாசனை தப்பாது.

அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், பிறந்த ஊரிலேயே ஒரு தையல் கூடம் நடத்திவந்தாள். தம்பிதான் ஆர்டர் வாங்கிக்கொடுத்தார். உதவி என்றுதான் நினைத்தார், பாவம். மற்ற கூடங்கள் முடிக்க முடியாத கெடு கொடுத்தால் முடியாது என்று சொல்லிவிடும்; அக்காவுக்குத் தம்பியிடம் அந்தச் சொல் வராது. கம்பெனிக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

ஈரத்துக்கு வைத்தியம் பார்க்க நிர்வாகம் கூடியது. இனி கப்பல் வேண்டாம், விமானம் என்று முடிவானது. அதில் மிச்சமான வாரங்களைத் தையலுக்குக் கொடுங்கள் என்று மேலாளர் கேட்டிருக்கலாம். முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த வாரங்களை வடிவமைப்புப் பிரிவு எடுத்துக்கொண்டு, கடைசி நிமிஷம் வரை நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. தையலுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்த நாட்களே மிஞ்சின. அடுத்த சரக்கு சொட்டச் சொட்ட வந்தது.

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும்," என்று மேலாளர் போனில் கெஞ்சினார்.

"நீ கேட்டு நான் இல்லேன்னிருக்கேனாடா? முடிச்சிடலாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அந்த ஒரு தடவை பல வருஷம் ஓடியது. கிடங்கில் உலர்த்தக் கொடி கட்டினார்கள், வடிகால் வெட்டினார்கள், எல்லோருக்கும் பழகிவிட்டது. போட்டுக்கொண்டால் பாதி தூரத்தை வேறு யாரோ ஓடிக் கொடுத்தது போலிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதினார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

பிறகு ஒரு நாள் சரக்கு காய்ந்து வந்தது. கிடங்கே கைதட்டியது. நிர்வாக இயக்குநர் இறங்கி வந்து மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலாளர் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து முகர்ந்தார். புதுத்துணி வாசனை மட்டும்தான். தையல் கூடத்துக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு தையல்காரப் பெண்.

"அக்கா போயிட்டாங்க சார். மெஷின் மேலேயே சாஞ்சுட்டாங்க. கடைசியா, சரக்கு வந்து சேர்ற வரைக்கும் தம்பிக்குச் சொல்லாதீங்க, பதறிடுவான்னாங்க. இந்தச் சரக்கு முழுக்க நாங்கதான் தச்சு அனுப்பினோம். வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சும்மா," என்றார். அடக்கமும் முடிந்துபோயிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே, ஆட்கள் பார்க்கப் பார்க்க, குழந்தை மாதிரி அழுதார்.

பழைய சரக்கில் ஒரு பனியன் அவர் வீட்டு பால்கனிக் கொடியில் தொங்குகிறது. எந்த வெயிலுக்கும் அது காயவில்லை. கீழே வைத்த வாளி நிறைந்ததும் அவர் மனைவி வேறு வாளி மாற்றி வைக்கிறாள். கம்பெனி இப்போது வேறு எங்கோ தைக்கிறது. மேலாளர் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த பனியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.