இதெல்லாம் ஒரு வெயிலா

பாஸ்கல் கத்தாரிலிருந்து வந்த நாள்முதல் திண்டுக்கல் வெயிலுக்கு மரியாதையே போய்விட்டது. யாராவது நெற்றியைத் துடைத்தால் போதும், "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று ஆரம்பித்துவிடுவான். அங்கே ஐம்பது டிகிரியாம், குழாயைத் திறந்தால் கொதிநீராம், கம்பியைத் தொட்டால் தோல் உரியுமாம். கம்பி கட்டப் போனவன் ஊரில் மேஸ்திரியாகிவிட்டான், வாய் மட்டும் இன்னும் கத்தாரிலேயே குடியிருந்தது.

அவன் தங்கை பிரிஸ்கில்லாவின் புருஷன் பிரிட்டோ போனது போலந்துக்கு. இறைச்சிக் கம்பெனியில் வேலை, எலும்புக்குள் ஏறும் குளிர். ஆனால் ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் கம்பெனியே கொடுத்தது. இடைவேளையில் சூடாக சூப் ஊற்றினார்கள். சூப்பர்வைசர் திட்டுவான், கை வைக்க மாட்டான். விசா முடிந்து திரும்பியவன் மச்சானிடமே கம்பி கட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தான். பாஸ்கல் அவனுக்கு வைத்த பெயர் ஐஸ் மாப்ள.

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் போதும், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு முன்னால் இந்த இரண்டு நாட்டு வழக்குதான் வரும். மணல் கொடிதா பனி கொடிதா, குபூஸ் ரொட்டி மோசமா உருளைக்கிழங்கு மோசமா என்று விடிய விடியப் பேசுவார்கள் போல இருக்கும். அவர்களோடு அதே வேலையில் சித்தாளாக இருந்த பிரிஸ்கில்லாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அன்று அக்னி நட்சத்திரம். செம்பட்டிக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்தளம். மறுநாள் காலையில் கான்கிரீட் லாரி வருகிறது, அதற்குள் கம்பி கட்டி முடிக்க வேண்டும். காலடியில் பரப்பியிருந்த இரும்புத் தகடுகள் தோசைக்கல்லாகக் காய்ந்தன. உச்சிப்பொழுது மட்டும் இறங்கி மரத்தடியில் இருந்துவிட்டு வருகிறோம் என்று சங்கிலி கேட்டுப் பார்த்தான். அவன்தான் கூட்டத்தில் மூத்த ஆள். பாஸ்கல் காதில் வாங்கவில்லை.

பிரிட்டோ தலைசுற்றித் தகட்டிலேயே குந்திவிட்டான். பாஸ்கல் கையிலிருந்த கம்பித் துண்டால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான். சட்டையோடு தோலும் கிழிந்தது. பிரிட்டோ எழுந்து மச்சானின் கழுத்தைப் பிடிக்க, இருவரும் கட்டிப் புரண்டார்கள். பாஸ்கலுக்கு உதடு கிழிந்தது, பிரிட்டோவுக்கு முழங்கை வெந்து தோல் வழன்றது. சங்கிலிதான் பிரித்துவிட்டான்.

"எறங்கிப் போ மாப்ள" என்று ரத்தத்தைத் துப்பினான் பாஸ்கல். "ஒம் பொண்டாட்டி வந்து மிச்சத்தக் கட்டட்டும்."

அந்தச் சொல்தான் பிரிட்டோவை இறங்கவிடாமல் செய்தது. பிரிஸ்கில்லா படியில் நின்று கெஞ்சினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து கட்டினான். கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்றுபோனது. கண் செருகத் தொடங்கியது.

"பிரிஸ்கி, ஜாக்கெட்ட எடு. குளிருது" என்றான்.

அப்படியே முகங்குப்புற விழுந்தான். நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனை கன்னத்தைத் துளைத்தது. இறக்கிக் கொண்டுவந்து குடம் குடமாக ஊற்றினார்கள். உடம்பு அனல் குறையவில்லை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, பல் நாக்கைக் கடித்தது. ஆட்டோ வருவதற்குள் அவள் மடியிலேயே உயிர் போய்விட்டது.

அவள் அழவில்லை. அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. கத்தாரில் கோடை பிறந்தால் அண்ணன் தினமும் உச்சிப்பொழுதில்தான் வீடியோவில் வருவான். அந்த நேரத்தில் வெளிவேலை கூடாது என்று அங்கே சட்டம், மீறினால் முதலாளிக்குத் தண்டனை என்று பெருமையாகச் சொன்னதும் அவன்தான். இத்தனை நாள் இதை மறந்து சிரித்துக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"கத்தார்ல இந்நேரம் நீ எங்கண்ணே இருப்ப?" என்று கேட்டாள்.

பாஸ்கல் தலையைக் குனிந்தான்.

"ரூமுல. ஏசியப் போட்டு, கழுத்து வரைக்கும் போர்வையப் போத்திக்கிட்டு" என்றான்.

சங்கிலிக்குப் புரிய அவ்வளவு போதும். மண்வெட்டிக் காம்பு பாஸ்கலின் வாயில் இறங்கியது, பற்கள் தெறித்தன. அடுத்த அடியில் கை முறிந்தது. மற்றவர்களும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே இழுத்துப்போனார்கள். சட்டையை உரித்து, வெற்று முதுகைத் தகட்டில் அழுத்தி, கை கால்களைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். அவன் அலறினான். இதெல்லாம் ஒரு வெயிலா என்று ஒருத்தன் அவன் காதருகே குனிந்து கேட்டான்.

பிரிஸ்கில்லா குடத்தோடு ஏறி வந்தாள். கடைசி அடி அவளுடையது என்று நினைத்து எல்லோரும் விலகினார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து ஏறினாள். அண்ணன் சாகவேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள். கறுத்துப்போன அவன் முகத்தைப் பார்த்ததும்தான் அது போதாது என்று பட்டது. குடத்தை அவன் தலையில் கவிழ்த்தாள், மிச்சத்தை வாயில் ஊற்றினாள், கம்பியை அறுக்கச் சொன்னாள்.

"செத்துட்டா நீ தப்பிச்சிருவண்ணே" என்றாள். "அவரப் பெத்த செபாஸ்தியம்மா அத்த, மகன் வருவான்னு வாசல்ல நிக்கும். நீயே வந்து சொல்லு. வெயில்ல செத்தான்னு மட்டும் சொல்லிராத. நான் பக்கத்துலயே நிப்பேன்."

இங்கேயே கொன்றுவிடுங்கள் என்று பாஸ்கல் சங்கிலியின் காலைப் பிடித்தான். அவள் அண்ணனின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி, படி படியாக இழுத்துக்கொண்டு இறங்கினாள்.