மகளிர் இளைப்பாற்றகம்

எங்கள் குழுவின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் யாரும் கிடையாது. 'திருச்சி ஸ்ரீரங்கம் பொதுமக்கள் நல அனைத்துச் சங்கக் கூட்டு நடவடிக்கைக் குழு' என்று பெயர் வைத்தவன் நான்தான். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன், சின்னையா. குழுவுக்குச் செயலாளர். பெயர் நீளமாக இருந்தால்தான் முனிசிபாலிட்டியில் மதிப்பார்கள் என்பது அந்த வயதில் என் கட்சி.

குழுவில் நாலு சங்கம், நாலு பேர். வர்த்தகர் சங்கத்துக்கு மளிகைக் கடை பரக்கத் அலி. ஸ்ரீரங்கத்துச் சங்கத்துக்கு ரயில்வேயில் ஓய்வு பெற்ற சௌரிராஜன். மாதர் சங்கத்துக்கு அமிர்தம் அம்மாள். தமிழ் மன்றத்துக்கு நான். கூடியது எதற்காக என்றால், பாப்பாயிக்காக.

பாப்பாயி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவள். சமயபுரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்தால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஐம்பத்தெட்டாம் வருஷம், சித்திரை வெயில். பரக்கத் அலி கடை வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். அவர்தான் குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"தண்ணியே குடிக்கிறதில்லையா நீ? இப்படியே இருந்தா உடம்பு தாங்காதும்மா. நாளைக்கு மூத்திரப் பையே கெட்டுப் போயிடும்" என்று டாக்டரம்மா சத்தம் போட்டிருக்கிறார்.

"குடிச்சா எங்கே போறதுங்க?" என்றாளாம் பாப்பாயி.

ஆண்களுக்கு மதில் ஓரம் இருந்தது. பெண்கள் நூறு பேருக்கு மேல் விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை வருஷமாக அந்த வழியாகவே பள்ளிக்கூடம் போய் வந்த எனக்கு இது தெரியாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முதல் கூட்டம் பரக்கத் அலியின் கிட்டங்கியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில். தும்மிக்கொண்டே தீர்மானம் போட்டோம். நோக்கத்தில் நாலு பேருக்கும் துளி அபிப்பிராய பேதம் இல்லை. மனு எழுத உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது.

'பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும்' என்று பரக்கத் அலி ஆரம்பித்தார். சௌரிராஜன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ராம ராமா! ஸ்திரீகள் இருக்கிற சபையில அந்த சப்தம் எதுக்கு ஸ்வாமி? பெரிய அதிகாரி பார்வைக்குப் போற காகிதம். 'மலஜல விசர்ஜன ஸ்தலம்'னு போடலாமே."

"அதுலயும் மலம் இருக்கே, அது மட்டும் உங்களுக்கு ஆகுமா?" என்று அமிர்தம் அம்மாள் சிரித்தாள். "எனக்கும் ஆகலை. 'லேடீஸ் ரூம்'னு போடுங்க. நாகரிகமா இருக்கும்."

நான் விடுவேனா? தமிழ் மன்றத்தின் மானம் என்ன ஆவது? "வடமொழியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். 'கழிப்பிடம்' என்று போடுவோம்" என்றேன்.

"கழிக்கிறதுன்னு வருதே" என்று முகம் சுளித்தார் சௌரிராஜன். 'இயற்கை உபாதை' என்றேன். உபாதை அவருக்குப் பிடித்தது, அமிர்தம் அம்மாளுக்கு அருவருப்பாகப் பட்டது. 'ஒதுங்குமிடம்' என்றேன். "ஒதுங்கறதுன்னா வேற மாதிரியும் பேசுவாங்க வாத்தியாரே, பொம்பளைப்பிள்ளைங்க சமாச்சாரம்" என்று பரக்கத் அலி தலையை ஆட்டினார். ஆரம்பத்தில் பட்டென்று சொன்ன மனுஷன், எங்களோடு சேர்ந்து அவரும் கெட்டுப்போனார்.

இப்படியே ஐந்து கூட்டம் போயிற்று. இடையில் பாப்பாயி நீர்க்கடுப்போடு ஜுரம் கண்டு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கும் ஓர் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றினோம், எங்களைக் கேட்பானேன்.

ஆறாவது கூட்டத்தில் எனக்கு அந்தச் சொல் உதித்தது. 'மகளிர் இளைப்பாற்றகம்'! சௌரிராஜன், "பேஷ்! பேஷ்!" என்று தொடையில் தட்டினார். அமிர்தம் அம்மாள் கைதட்டினாள். ஒருத்தருக்கும் மனசு நோகாத சொல் அகப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'நாள் முழுதும் அங்காடியில் அமர்ந்து அல்லலுறும் அன்னையர் சற்றே இளைப்பாற' என்று மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். மார்க்கெட் பெண்கள் எல்லாரிடமும் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினோம்.

முனிசிபாலிட்டிக்காரர்களைக் குறை சொல்லக் கூடாது. மனு போன வேகத்தில் உத்தரவு வந்தது. கட்டடம் எழும்பியது. நாங்கள் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். சுவர் வரைக்கும் போனோம். பெண்கள் உபயோகிக்கிற இடத்தை ஆண்பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது மரியாதையா என்று மூன்று பேரும் திரும்பிவிட்டோம். அமிர்தம் அம்மாளோ திறப்பு விழாவுக்கு வாழ்த்துப்பா ஒத்திகையில் மும்முரமாக இருந்தாள்.

கார்த்திகை மாதம் திறப்பு விழா. பந்தல், மைக் செட், மாலை, சோடா. பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பன் வெட்டினார். 'இளைப்பாற்றகம்' என்ற அருந்தமிழ்ச் சொல்லை மைக்கில் அவர் இரண்டு தடவை பாராட்டினார். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். அந்த அடக்கத்தை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அதிகாரி கார் ஏறிப் போனதும் பெண்கள் உள்ளே போனார்கள். முதலில் பாப்பாயி. போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"சார், நல்லா விசாலமா இருக்கு. ரெண்டு சிமெண்டு பெஞ்சு போட்டிருக்காங்க. கண்ணாடி மாட்டியிருக்காங்க. ரேடியோ கூட இருக்கு" என்றாள். "அது எங்கே இருக்கு?"

"எது?"

"அதான் சார்."

நான் உள்ளே ஓடினேன். பின்னால் மற்ற மூவரும் ஓடிவந்தார்கள். பெஞ்சு, கண்ணாடி, ரேடியோ, காற்றோட்டத்துக்கு நாலு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல். இளைப்பாற ஒரு குறையும் இல்லை. நாங்கள் கேட்டதை எழுத்துப் பிசகாமல் கட்டியிருந்தார்கள்.

நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. "யா அல்லாஹ்" என்று பரக்கத் அலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாயி மட்டும் சிரிக்கவில்லை.

"மனுவை உனக்கு வாசிச்சுக் காட்டினேனேம்மா. அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்க வாசிச்சது எனக்கு ஒண்ணுமே புரியலை சார். படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு கைநாட்டு வெச்சேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கெல்லாம் கூச்சமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நான் சொல்லியிருப்பேனே. ஏழு மாசம் ஆச்சு."

அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே ஏழாவது கூட்டம் கூடியது. பரக்கத் அலி கடையிலிருந்து காகிதம் கொண்டுவரச் சொன்னார். பழக்கதோஷம் பாருங்கள், நான் பேனாவைத் திறந்துகொண்டு, "மாண்புமிகு..." என்று தொடங்கினேன்.

"நிறுத்துங்க வாத்தியாரே!" என்று அமிர்தம் அம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பாயி, நீ சொல்லு. அவர் எழுதட்டும்."

பாப்பாயி சொன்னாள். "மார்க்கெட்டுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லை. எட்டு கக்கூஸ் கட்டிக் கொடுங்க. கதவு வேணும். உள்ளே தாழ்ப்பாள் வேணும். தண்ணி வேணும். அவ்வளவுதான்."

எழுதினேன். நாலே வரி.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

வாசலில் நூறு பேர் நின்றார்கள். என் மாணவர்கள் கூட இருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் உரக்கப் படித்தேன். சௌரிராஜன் இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. "அடியேன்தான் முதல் கையெழுத்து" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். பாப்பாயி, "இப்ப புரியுது" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினாள்.

மாசி பிறப்பதற்குள் எட்டும் எழும்பின. பந்தல் இல்லை, மைக் இல்லை. கக்கூசுக்கு ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனுஷரும் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் காலை பூட்டைக் கழற்றினார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் நின்று பார்த்தேன். பாப்பாயி பரக்கத் அலி கடைப் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சார், கூடையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. வந்துடறேன்."

கத்திரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். பள்ளியில் முதல் மணி அடித்தது காதில் விழுந்தது. பாதி தூரம் போனவள் திரும்பி, "உங்களுக்கு நேரமாகுதா சார்?" என்று கேட்டாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லை. மெதுவா வாம்மா, நான் நிக்கறேன்" என்றேன்.